சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: அதிதிறன் காதுக் கருவிக்குப் பழகுவது பற்றி

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நடுவயதில் தொடங்கிய செவிக்குறைபாடு ஆண்டுக்காண்டு வளர்ந்து, அண்மையில் எடுத்த ஆடியோகிராமில் (செவிச்சோதனை வரைபடத்தில்) வலது காதின் சராசரி 75 டெசிபல் என்றும் இடது காதின் சராசரி 85 டெசிபல் என்றும் வந்திருக்கிறது. இதுவரை வலது காதில் மட்டும் சிறிய கருவி ஒன்றை அணிந்து சமாளித்து வந்தேன். அது இனிப் போதாது என்று சொல்லி, காதின் பின்புறம் அமரும், 675 எண் பேட்டரியில் இயங்கும் அதிதிறன் கருவிகளை இரண்டு காதுகளுக்கும் பொருத்தியிருக்கிறார்கள்.

அணிந்த நாள் முதல் வீடு முழுவதும் சத்தமாக இருக்கிறது. மின்விசிறி சுற்றுவதும், குழாயில் தண்ணீர் விழுவதும், செய்தித்தாளைப் புரட்டுவதும் பெரிதாகக் கேட்கின்றன. எவர்சில்வர் தட்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் காதுக்குள் வலிப்பதுபோல் இருக்கிறது. என் குரலே எனக்கு அந்நியமாக ஒலிக்கிறது. சாப்பிடும்போது கருவி விசில் அடிக்கிறது. ஆனால் எதற்காக இவ்வளவு செலவு செய்தோமோ அது நடக்கவில்லை: கணவர் பேசுவது முன்பைவிட உரக்கக் கேட்கிறதே தவிர, என்ன பேசினார் என்பது பெரும்பாலும் விளங்குவதில்லை.

கேட்டால், “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழகும் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் மேலே சொன்னவற்றில் எவற்றைப் பொறுத்துக்கொண்டு பழக வேண்டும், எவற்றைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் பிரித்துச் சொல்பவர் ஒருவரும் இல்லை. பட்டறிவு உள்ளவர்கள் அதைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

---

பொருநை

அம்மா, வணக்கம். நான் இளமையில் காசநோய்க்காக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டதில் செவியை இழந்தவன். அந்த மருந்தும் ஜென்டாமைசின் போன்ற அதே குடும்பத்து மருந்துகளும் உட்செவியின் மயிரணுக்களைச் சிதைக்கக்கூடியவை. அன்று முதல் இன்று வரை அதிதிறன் கருவிகளோடுதான் வாழ்கிறேன். சட்டைப்பையில் பெட்டியை வைத்து ஒயர் இழுத்துக் காதில் மாட்டும் கருவி, பிறகு அனலாக் கருவி, பிறகு டிஜிட்டல் கருவி என்று எல்லா மாற்றங்களையும் கடந்திருக்கிறேன்.

உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. என் அனுபவத்திலிருந்து பிரித்துச் சொல்கிறேன். மின்விசிறி, தண்ணீர், காகிதம் ஆகியவற்றின் ஓசையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இவை உலகத்தில் எப்போதும் இருந்த ஓசைகள். நல்ல காது உள்ளவர்களின் மூளை இவற்றைக் கேட்டும் கேளாததுபோல் ஒதுக்கிவிடுகிறது. உங்கள் மூளைக்குப் பல ஆண்டுகளாக அந்த வேலையே இல்லாமல் போயிற்று. சில வாரங்கள் தொடர்ந்து அணிந்தால் அது மீண்டும் அந்த வேலையைச் செய்யத் தொடங்கும். உங்கள் குரல் அந்நியமாக ஒலிப்பதும் பெரும்பாலும் அப்படியே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் குரல் நமக்கே உரக்கக் கேட்பதால் நாம் அறியாமலே குரலைத் தாழ்த்திவிடுகிறோம், அப்போது எதிரில் இருப்பவர்களுக்கு நாம் பேசுவது கேட்பதில்லை. வீட்டாரிடம் சொல்லி வைத்தால் அவர்கள் நினைவூட்டுவார்கள்.

தட்டு விழும்போது வலிப்பதையும், விசில் அடிப்பதையும் பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். இரண்டும் சரிசெய்யக்கூடிய குறைகள். முதலாவது கருவியின் அமைப்பில் உள்ள குறை, இரண்டாவது மோல்டில், அதாவது காதுக்குழாயில் பொருந்தும்படி அச்செடுத்துச் செய்த அடைப்பில் உள்ள குறை. இவற்றைத் தாங்கிக்கொண்டு பழக முயன்றவர்கள்தான் கடைசியில் கருவியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறார்கள் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

செவியியல் மாணவி

நான் செவியியலில் முதுகலை முடித்து ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். உங்கள் காதுகளை நேரில் சோதிக்காமல் முடிவாக எதையும் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரித்தவற்றின் காரணங்களை விளக்க முடியும். காரணம் தெரிந்தால் உங்கள் செவியியலாளரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் வகைப்பாட்டில் 65 டெசிபலிலிருந்து 80 டெசிபல் வரை கடுமையான குறைபாடு, 80 முதல் 95 வரை மிகக் கடுமையான குறைபாடு. உங்கள் இரண்டு காதுகளும் இந்த இரண்டு வகைகளில் அடங்குகின்றன. ஒரு மீட்டர் தொலைவில் இருந்து இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 அல்லது 65 டெசிபல் இருக்கும். ஆகவே கருவி இல்லாமல் அந்தப் பேச்சின் பெரும்பகுதி உங்களுக்கு எட்டாது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. உட்செவியில் இரண்டு வகை மயிரணுக்கள் உண்டு. ஏறத்தாழ 3,500 உள்மயிரணுக்கள் ஒலியைக் குறிப்பலையாக மாற்றி நரம்புக்குத் தருகின்றன. ஏறத்தாழ 12,000 வெளிமயிரணுக்கள் மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுப்பதோடு, அடுத்தடுத்த அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டவும் உதவுகின்றன. முதலில் கெடுவது பெரும்பாலும் வெளிமயிரணுக்களே. அவை போனால் மெல்லிய ஒலி கேட்காமல் போகிறது. ஆனால் உரத்த ஒலி முன்போலவே உரக்கக் கேட்கிறது. வீட்டின் தரையை உயர்த்திவிட்டுக் கூரையை இருந்த இடத்திலேயே விட்டதுபோன்ற நிலை இது. நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையே ஏறத்தாழ 100 டெசிபல் இடைவெளி இருக்கிறது. 80 டெசிபலில்தான் கேட்கத் தொடங்கும் காதுக்கு அது 25 அல்லது 30 டெசிபலாகச் சுருங்கிவிடக்கூடும். முணுமுணுப்பு, பேச்சு, தட்டு விழும் ஒலி எல்லாவற்றையும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கருவி அடக்கிக் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் இன்றைய கருவிகள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகின்றன. அதற்கு மேல், கருவி ஒருபோதும் தாண்டக் கூடாத உச்ச அளவு ஒன்றையும் அமைக்க வேண்டும். தட்டு விழும்போது வலிக்கிறது என்றால் அந்த உச்ச அளவு உங்கள் காதின் தாங்குதிறனுக்கு ஏற்ப அமைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். எந்த அளவு ஒலி உங்களுக்கு வேதனை தருகிறது என்பதை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் தனித்தனியாகச் சோதித்து, அதற்குக் கீழே உச்ச அளவை நிறுத்தும்படி கேளுங்கள். மொத்த ஒலியளவைக் குறைத்துவிடுவது இதற்குத் தீர்வாகாது. அப்படிச் செய்தால் வலி குறையும்போது பேச்சும் சேர்ந்து குறைந்துவிடும்.

அடுத்து, சொல் ஏன் விளங்கவில்லை என்பது. வெளிமயிரணுக்கள் இழந்த காதில் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. ஒலியைப் பெருக்க எந்தக் கருவியாலும் முடியும். கலங்கியதைப் பிரித்துக் கொடுக்க எந்தக் கருவியாலும் முழுமையாக முடியாது. இதைப் பயனாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லாமல் விட்டால், கருவி சரியாக இருக்கும்போதும் ஏமாற்றமே மிஞ்சும்.

இருந்தாலும், உங்கள் நிலையில் இன்னும் பெறக்கூடியது நிறைய இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு கேள்வி: கருவியைப் பொருத்தியபோது காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, செவிப்பறைக்கு அருகில் உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்தார்களா? கணினியில் ஆடியோகிராமைப் பதிந்ததும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற இலக்கை மென்பொருள் மதிப்பிட்டுத் தரும். ஆஸ்திரேலியாவில் உருவான என்ஏஎல்-என்எல்2, கனடாவில் உருவான டிஎஸ்எல் ஆகியவை பரவலாகப் பயன்படும் கணக்கீட்டு முறைகள். ஆனால் ஒவ்வொருவரின் காதுக்குழாயும் மோல்டும் வேறு. அளந்து பார்க்காமல் மதிப்பீட்டை மட்டும் நம்பினால் சில அதிர்வெண்களில் பல டெசிபல் வேறுபாடு வந்துவிடும்.

---

காவிரிக்கரை

மிக்க நன்றி. ஆண்டுக்கணக்கில் ஒருவரும் சொல்லாததை ஒரே பதிவில் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்தக் குழாய்ச் சோதனை எனக்குச் செய்யப்படவில்லை. கணினியோடு கருவியை இணைத்து, சற்று நேரம் பொருத்திப் பார்த்து, “கேட்கிறதா?” என்று வினவினார்கள், கேட்கிறது என்றேன், அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகக் கருவியே காணாத இடது காதில் ஒலி வருகிறது, ஆனால் அது வெறும் இரைச்சலாகவே இருக்கிறது. வலது காதில் மட்டும் அணிந்தால் பேச்சு சற்றுத் தெளிவாக இருப்பதுபோல் தோன்றுகிறது. இடது கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

---

செவியியல் மாணவி

இப்போதே முடிவு செய்ய வேண்டாம். இரண்டு காதுகளிலும் குறைபாடு இருக்க, ஒன்றில் மட்டும் கருவி அணிந்து வந்தவர்களை ஆராய்ந்து சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் ஆகியோர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருவி அணியாத காதில், டெசிபல் அளவில் பெரிய மாற்றம் இல்லாதபோதும், சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் காலப்போக்கில் குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். உங்கள் இடது காதுக்கு நேர்ந்ததும் அதுவாக இருக்கலாம். அத்தகைய காது ஒலியைப் பெறத் தொடங்கியபின் ஓரளவு மீள்வது உண்டு, எல்லோருக்கும் மீள்வதில்லை. சில மாதங்களாவது வாய்ப்புக் கொடுத்துவிட்டு, பிறகு இடது காதில் மட்டும், வலது காதில் மட்டும், இரண்டிலும் என்று மூன்று நிலைகளில் சொல் அறியும் சோதனை செய்து பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். உட்செவியின் சில பகுதிகளில் உள்மயிரணுக்களும் அடியோடு அழிந்திருந்தால் அந்த அதிர்வெண்களில் எவ்வளவு பெருக்கினாலும் பயன் விளையாது. மாறாகக் கரகரப்பும் குழப்பமுமே கூடும். இதைக் கண்டறிய கேம்பிரிட்ஜில் பிரையன் மூரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய சோதனை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உங்கள் இடது காதில் மேல் அதிர்வெண்களில் அப்படிப்பட்ட பகுதி இருந்தால், அங்கே பெருக்கத்தைக் குறைப்பது தெளிவைக் கூட்டக்கூடும். சில கருவிகள் மேல் அதிர்வெண் ஒலிகளைக் கீழே இறக்கிக் கொடுக்கும். அதனால் ஸகரம் போன்ற ஒலிகள் கேட்கத் தொடங்கினாலும், ஸகரமும் ஷகரமும் ஒன்றாகத் தோன்றலாம். ஆகவே அதையும் சோதித்தே ஏற்க வேண்டும்.

---

நெய்தல்

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். விசில் பிரச்சினை பற்றி என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அதோடு நீண்ட காலம் போராடியிருக்கிறேன்.

கருவியிலிருந்து வெளிவரும் ஒலி மோல்டுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாகக் கசிந்து மீண்டும் மைக்குக்குள் போவதால்தான் விசில் வருகிறது. உங்கள் கருவி தரும் பெருக்கத்துக்கு மயிரிழை இடுக்குகூடப் போதும். மெல்லும்போது தாடை அசைந்து காதுக்குழாயின் வடிவம் மாறுகிறது. அதனால்தான் சாப்பிடும்போது வருகிறது. மோல்டுக்கு அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து மூடச் சொல்லி எடுத்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். உங்களுக்குச் செய்த மோல்டு கெட்டியான அக்ரிலிக் வகையாக இருந்தால், மென்மையான சிலிக்கான் வகையில் மறுபடி செய்து கேளுங்கள். காதில் குறும்பி சேர்ந்திருந்தாலும் விசில் வரும். அதை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள், நீங்களே குச்சி விட வேண்டாம். மோல்டையும் கருவியையும் இணைக்கும் குழாய் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துப்போகும். அதை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறியது, ஆனால் மாற்றாமல் விடுவதால் வரும் தொல்லை பெரியது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் குழாய்க்குள் நீர்த்துளி கட்டி, ஒலி திடீரென்று நின்றுவிடும். கருவி பழுதாகிவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ரப்பர் பந்து போன்ற ஊதியால் ஊதினால் துளி வெளியேறிவிடும். இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். 675 பேட்டரி காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு வேலை செய்வது. நீல ஒட்டுத்தாளைப் பிரித்தபின் ஓரிரு நிமிடங்கள் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட்டால் நல்லது. பிரித்ததை மறுபடி ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டுதான் இருக்கும். பேரக்குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் பேட்டரியை எட்டாத இடத்தில் வையுங்கள்; குழந்தை விழுங்கிவிட்டால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே காதில் சீழ் வடியும் நோய் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: அதிதிறன் கருவியின் மோல்டு காதை முழுவதும் அடைத்துவிடுவதால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் சீழ் கூடும். சீழ் வடியும் நாட்களில் மோல்டை அணியாதீர்கள். அந்த நோய் அடங்காதவர்களுக்கு எலும்பின் வழியாக ஒலியைக் கடத்தும் கருவிகள் இருக்கின்றன. உள்ளே உள்ள நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவை பொருந்துமா என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பழகுவது பற்றி ஒரு கருத்து. முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று மெல்ல மெல்லக் கூட்டுவதே நல்லது. நான் அப்படித்தான் பழகினேன்.

---

பொருநை

நெய்தல் சொன்ன பராமரிப்புக் குறிப்புகள் அனைத்தையும் வழிமொழிகிறேன். ஆனால் மணிக்கணக்கு வைத்து அணிவதை நான் ஏற்கவில்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு மிச்ச நேரம் முழுவதும் அமைதியில் இருந்தால், மறுநாள் அந்த ஒரு மணி நேரம் மறுபடியும் புதிய அதிர்ச்சியாகவே இருக்கும். காலையில் எழுந்ததும் போட்டு, குளிக்கும்போதும் உறங்கும்போதும் மட்டும் கழற்ற வேண்டும். களைப்பாக இருந்தால் அரை மணி நேரம் கழற்றி ஓய்வெடுங்கள். ஆனால் ஓய்வெடுத்தபின் மறுபடி போடுங்கள்.

---

நெய்தல்

ஐயா, நீங்கள் இளமையிலிருந்து அணிபவர். அறுபது வயதுக்கு மேல் இத்தனை சத்தத்தை முதன்முதலாகச் சந்திப்பவர்களின் நிலை வேறு. என் தாயார் முதல் நாளே முழுநாளும் அணிந்து, தலைவலியோடு படுத்து, மறுநாள் முதல் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அவரை மறுபடி அணியவைக்க எங்களுக்கு நீண்ட காலம் பிடித்தது. ஒருவர் தாங்கும் அளவு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

---

செவியியல் மாணவி

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எதை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அணியும் நேரத்தைக் குறைப்பதைவிட, தொடக்கத்தில் பெருக்கத்தைச் சற்றுக் குறைத்து வைத்து, நாள் முழுவதும் அணியச் செய்து, சில வாரங்களில் படிப்படியாக இலக்கு அளவுக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருகிறது. பல கருவிகளில் இதைத் தானாகவே செய்யும் வசதியும் உண்டு. நெய்தலின் தாயாருக்கு அப்படிச் செய்திருந்தால் அந்தத் தலைவலியே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் செய்து 1992இல் வெளியான ஆய்வில், புதிதாகக் கேட்கத் தொடங்கிய ஒலிகளைப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தும் திறன் உடனே வராமல், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வளர்வது தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே அளவு முன்னேற்றம் காணப்படவில்லை. ஆகவே மூன்று மாதம் என்பதை ஒரு நியாயமான காத்திருப்பாகக் கொள்ளலாம். ஆனால் அந்த மூன்று மாதமும் சரியாக அமைக்கப்பட்ட கருவியை அணிந்த மூன்று மாதமாக இருக்க வேண்டும். தவறாக அமைந்த கருவிக்கு ஓராண்டு பழகினாலும் பயனில்லை.

நாள்தோறும் எத்தனை மணி நேரம் அணிகிறீர்கள் என்பதை இன்றைய கருவிகள் பல தாமே பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை செல்லும்போது செவியியலாளர் அதைப் பார்ப்பார். அதைக் கண்டு தயங்க வேண்டாம். எங்கே அணிய முடியவில்லை என்பதை அறிய அது உதவும்.

---

வைகைமகன்

என் தந்தைக்கு எதிர்மாறான குறை. முப்பது ஆண்டுகள் பழைய அனலாக் கருவியை அணிந்தவர். அது பழுதாகி, இப்போது விலையுயர்ந்த டிஜிட்டல் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். “இதில் சத்தமே இல்லை, பழைய மிஷினே தேவலை” என்கிறார். கடைக்காரர் கருவியில் எந்தக் குறையும் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

---

பொருநை

தம்பி, உங்கள் தந்தை பொய் சொல்லவில்லை, கருவியிலும் குறை இருக்க வேண்டியதில்லை. அனலாக்கிலிருந்து மாறியபோது நானும் இதே சொல்லைச் சொன்னேன். பழைய கருவி மெல்லிய ஒலி, உரத்த ஒலி எதுவானாலும் ஒரே அளவாகப் பெருக்கி, உச்சத்தைத் தொட்டதும் அலையின் தலையை வெட்டிவிடும். அந்த உரப்பையும் கரகரப்பையுமே காது “கேட்பது” என்று கற்று வைத்திருக்கிறது. அதோடு கீழ் அதிர்வெண்களின் முழக்கமும் அவருக்குப் பழகியது. புதிய கருவி உரத்த ஒலியை அடக்கிக் கொடுப்பதால் அவருக்கு அது சத்தமில்லாததாகத் தோன்றுகிறது.

செவியியலாளரிடம் பழைய கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். அது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பெருக்கித் தந்தது என்பதை அளந்து, புதிய கருவியை முதலில் அதற்கு அண்மையாக அமைத்துவிட்டு, பின்னர் சில மாதங்களில் மெல்ல மெல்லப் புதிய அமைப்புக்குக் கொண்டுவரலாம். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். இப்போது பழைய கருவியைப் போட்டால் எனக்கே தாங்க முடிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க அதை உங்கள் காதில் வைத்துப் பார்க்காதீர்கள். இந்த வகைக் கருவிகளில் சிலவற்றின் உச்ச ஒலி 130 டெசிபலைத் தாண்டும். நல்ல காதை அது கெடுத்துவிடும்.

---

வைகைமகன்

மிக்க நன்றி ஐயா. பழைய கருவியைத் தூக்கி எறிய இருந்தோம், எடுத்து வைத்துவிட்டேன். வீட்டில் உள்ளவர்கள் எப்படிப் பேசினால் அவருக்கு எளிதாக விளங்கும் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் உரக்கக் கத்திப் பழகிவிட்டோம்.

---

காவிரிக்கரை

இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்ல விரும்புகிறேன். வகுப்பறையில் தமிழ் ஒலிகளைக் கற்பித்தவள் என்பதால், செவி மங்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு எந்த ஒலி எங்கே தப்புகிறது என்பதைக் கவனித்து வந்திருக்கிறேன்.

உதட்டைப் பார்த்தால் பகரமும் மகரமும் ஒன்றே. பாலை என்றாலும் மாலை என்றாலும், பணம் என்றாலும் மணம் என்றாலும் உதடுகள் ஒரே வகையில் கூடிப் பிரிகின்றன. ஆனால் மகரத்தின் மூக்கொலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், என் போன்றோருக்குக் கருவி அதைத் தந்துவிடுகிறது. மறுபுறம் கடை, தடை, படை, சடை ஆகியவற்றைக் காதால் மட்டும் பிரிக்க எனக்கு இயலாது. அவற்றின் முதலொலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்மை மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. முகம் தெரிந்தால் படை என்பதில் உதடு கூடுவதும், தடை என்பதில் நாக்கு நுனி பல்லைத் தொடுவதும் தெரிந்துவிடும். அதாவது கண்ணுக்குத் தெரியாததைக் காதும், காதுக்கு எட்டாததைக் கண்ணும் ஈடுசெய்கின்றன. வாலை, வாளை, வாழை மூன்றும் மட்டும் இரண்டுக்குமே எட்டுவதில்லை. அங்கே சூழலை வைத்துத்தான் அறிந்துகொள்கிறேன். அதனால் ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் முழுத்தொடராகச் சொன்னால் எனக்கு விளங்குகிறது. “வாழை” என்று மும்முறை கத்துவதைவிட, “கொல்லையில் வாழை குலை தள்ளியிருக்கிறது” என்று ஒருமுறை சொல்வது மேல்.

ஆகவே, தம்பி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, முதலில் பெயரைச் சொல்லி அழைத்து, அவர் திரும்பிப் பார்த்தபின் இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் உயிரொலிகள்தாம் பெருகுகின்றன. மெய்யொலிகள் அவற்றில் அமுங்கிவிடுகின்றன. உதடுகளின் இயல்பான அசைவும் கெட்டுவிடுகிறது. விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்காமல் போனதைவிட அந்தச் சொல்தான் எங்களை வீட்டிலிருந்து விலக்கி வைக்கிறது.

---

செவியியல் மாணவி

அம்மா எழுதியதை எங்கள் துறை மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும். தொலைவைப் பற்றி மட்டும் ஒரு சொல் சேர்க்கிறேன். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் பேசியவர் நான்கு மீட்டர் தள்ளிப் போனால் 12 டெசிபல் போய்விடும். கல்யாண மண்டபத்தில் அதோடு எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் அங்கே திணறும். பேசுபவரின் சட்டையில் குத்திக்கொள்ளும் தொலைமைக் இருந்தால் அவர் வாயருகே ஒலியைப் பிடித்து நேரே உங்கள் கருவிக்கு அனுப்பிவிடும். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குக் கருவியின் மேல்நிலை மாதிரிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுவதே அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

---

இசைவிரும்பி

இழையை விட்டு விலகாமல் ஒன்று கேட்கிறேன். நாதசுரமும் புல்லாங்குழலும் கேட்கும்போது என் கருவி நடுங்குவதுபோல் ஒலிக்கிறது. இதுவும் பழகிவிடுமா?

---

செவியியல் மாணவி

பழகாது. விசிலை அடக்கும் வசதி, நீண்டு ஒலிக்கும் தூய சுரத்தையும் விசில் என்று கருதி அடக்க முயல்வதால் அந்த நடுக்கம் வருகிறது. இசைக்கென்று தனி புரோகிராம் ஒன்றை அமைத்து, அதில் விசிலடக்கியின் வேகத்தையும் இரைச்சல் நீக்கியையும் குறைத்துத் தரும்படி கேளுங்கள். அதிதிறன் கருவியில் விசிலடக்கியை முழுவதும் நிறுத்த முடியாமல் போகலாம். மோல்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அதைத் தளர்த்த முடியும்.

---

காவிரிக்கரை

சில வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். இங்கே படித்தவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, குழாய்ச் சோதனை செய்யும் வேறொரு மையத்துக்குச் சென்றேன். அளந்து பார்த்ததில், வலது காதில் பேச்சுக்கு முதன்மையான மேல் அதிர்வெண்களில் இலக்கைவிடக் குறைவாகவும், உச்ச அளவு தேவைக்கு மேலாகவும் இருந்தது தெரிந்தது. இரண்டையும் மாற்றினார்கள். மோல்டுக்கு வாயைத் திறந்து மூடச் செய்து அச்சு எடுத்தார்கள். விசில் நின்றுவிட்டது. தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறேன்; வலிப்பதில்லை. மின்விசிறியை இப்போது நினைத்துப் பார்த்தால்தான் கேட்கிறது.

கணவர் எதிரில் அமர்ந்து பேசினால் பெரும்பாலும் விளங்குகிறது. அடுப்படியிலிருந்து பேசினால் விளங்குவதில்லை. அதை அவரும் புரிந்துகொண்டு அருகில் வந்து பேசுகிறார். இடது காதுக்குச் செய்த சோதனையில் மேல் அதிர்வெண்களில் செயலற்ற பகுதி இருப்பதாகச் சொல்லி அங்கே பெருக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். இரைச்சல் தணிந்திருக்கிறது, ஆனால் அந்தக் காதில் மட்டும் கேட்டால் சொற்கள் இன்னும் பிடிபடவில்லை. மூன்று மாதம் முடிந்தபின் மறுபடி சோதித்து, அப்போதும் முன்னேற்றம் இல்லை என்றால், அறுவைச் சிகிச்சையால் உட்செவியில் பொருத்திச் செவிநரம்பை நேரே தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் பற்றி ஆலோசிக்கலாம் என்கிறார்கள். இந்த வயதில் அது தகுமா?

---

செவியியல் மாணவி

வயது மட்டும் அதற்குத் தடையாகாது. கருவியைச் சிறந்த முறையில் அமைத்தும் சொற்களைப் புரிந்துகொள்ளும் மதிப்பெண் உயரவில்லை என்பதைச் சோதனையில் காட்ட வேண்டும். காது ஸ்கேனும், அறுவைச் சிகிச்சைக்கு உடல்நிலை ஏற்றதா என்ற மருத்துவரின் கருத்தும் வேண்டும். காது நீண்ட காலம் ஒலியே பெறாமல் இருந்தால் பயன் குறையக்கூடும் என்பதால், முடிவெடுக்கும் வரை இடது கருவியைக் கழற்றாமல் அணிந்து வாருங்கள். மூளைக்காய்ச்சலால் செவி இழந்தவர்கள் மட்டும் இப்படி மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு உட்செவி எலும்பாக இறுகிவிடும் வாய்ப்பு இருப்பதால் உடனே மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும்.

வலது காது உங்களுக்கு இப்போது நன்கு பயன்படுவதால் அதில் கருவியும் இடது காதில் இம்பிளான்ட்டும் என்று வைத்துக்கொள்வோர் பலர் இருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டுக்குச் செல்லும்போது பழைய ஆடியோகிராம்கள் அனைத்தையும் வரிசைப்படி எடுத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி இரண்டு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளோர் கேட்புக் குறைபாடு உடையோர் எனவும், 70 டெசிபல் இழப்பு உள்ளோர் காது கேளாதோர் எனவும் கொள்ளப்படுவர். உங்கள் அளவுகள் அந்த வரையறைக்குள் வருவதால், இதுவரை அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் சோதனை செய்து விண்ணப்பித்துவிடுங்கள்.

---

காவிரிக்கரை

விண்ணப்பிக்கவில்லை, இந்த வாரமே செய்கிறேன். இம்பிளான்ட் செய்துகொண்ட, அறுபது வயதைக் கடந்தவர் எவரேனும் இங்கே இருந்தால், தனி இழை ஒன்று தொடங்கி அவர்களிடம் கேட்க விரும்புகிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு காதில் கருவியும் மற்றொன்றில் இம்பிளான்ட்டும் இருக்கும்போது இரண்டு ஒலிகளும் ஒன்றாகச் சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதே.